எல்லைக்கோட்டில் நடப்பவர்கள்

சர்க்கரை வியாதியின் வாசற்படியில் 13.6 கோடி இந்தியர்கள் நிற்கிறார்கள். நடைப்பயிற்சி அவர்களைக் காப்பாற்றும். மாத்திரையும் காப்பாற்றும். இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலன் கிடைக்குமா? சென்னையில் நடந்த ஆய்வுகள் தரும் விடை பலரும் எதிர்பார்க்காதது.

டெல்லி ராமகிருஷ்ணபுரத்தில் காலை ஐந்தரை மணி. மலை மந்திரின் விளக்குகள் பனிமூட்டத்தில் மங்கலாகத் தெரிகின்றன. காதை மறைத்து மஃப்ளர் சுற்றிய மனிதர்கள் இருவர் மூவராக அரசுக் குடியிருப்புகளுக்கு நடுவே விரைகிறார்கள். அவர்களில் ஒருவர் மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர். வயது 46. கும்பகோணம் பக்கத்துக்காரர். பெயர் போட வேண்டாம் என்கிறார். அலுவலகத்தில் விஷயம் தெரிந்தால் டீயில் சர்க்கரை போடுவதை நிறுத்திவிடுவார்களாம்.

இரண்டு வருடங்களுக்கு முன் வழக்கமான மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 114 மில்லிகிராம். குளுகோஸ் நீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 172. மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 சதவிகிதம். "இன்னும் சுகர் வரலை சார், பார்டர்ல இருக்கீங்க" என்றார் டாக்டர். மருந்துச் சீட்டில் இரண்டு வரிகள் எழுதினார். முதல் வரி: தினமும் அரை மணி நேரம் வேகமான நடை. இரண்டாவது வரி: மெட்ஃபார்மின், காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

நம்மவர் இரண்டாவது வரியை மட்டும் பின்பற்றினார். மாத்திரைதான் சாப்பிடுகிறோமே என்ற தைரியத்தில் கல்யாண வீடுகளில் குலாப் ஜாமூனுக்கும் தடை இருக்கவில்லை. ஒரு வருடம் கழித்துப் பரிசோதித்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்றே இறங்கியிருந்தது. ஆனால் குளுகோஸ் குடித்த பின் எடுத்த அளவு 172லிருந்து 186க்கு ஏறியிருந்தது. 200ஐத் தொட்டால் எல்லை தாண்டியாகிவிட்டது என்று பொருள். அப்போதுதான் கான்வாஸ் ஷூ வாங்கினார்.

அவர் செய்தது நாடு முழுவதும் லட்சக்கணக்கானோர் செய்யும் தவறு. நடையும் மாத்திரையும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று பலன் கூடும் என்று வேறு சிலர் நம்புகிறார்கள். இரண்டு கணக்குகளுமே சரியில்லை என்பதைக் கண்டறிந்தது வெளிநாட்டு ஆய்வுக்கூடம் எதுவும் அல்ல. சென்னையில் மத்தியதர உத்தியோகஸ்தர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு அது.

எது எல்லை?

வெறும் வயிற்றில் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது 75 கிராம் குளுகோஸ் குடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பின் 200க்குக் குறையாமல் இருந்தால் அது நீரிழிவு. அதற்கு ஒரு படி கீழே இருப்பதுதான் நீரிழிவுக்கு முந்தைய நிலை. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வரையறைப்படி வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, இரண்டு மணி நேரத்துக்குப் பின் 140 முதல் 199 வரை, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை. உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்று அளவின் தொடக்கத்தை 110 என்று வைத்திருக்கிறது.

இந்த நிலையில் வலி கிடையாது. பெரும்பாலும் வேறு அறிகுறியும் கிடையாது. பரிசோதனை செய்துகொள்ளாதவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நாடு முழுவதும் 2008 முதல் 2020 வரை 1,13,043 பேரிடம் நடத்தப்பட்ட கணக்கெடுப்பின் முடிவு 2023 ஜூனில் வெளியாயிற்று. அதன்படி நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி. வாசற்படியில் நிற்பவர்கள் 13.6 கோடி. மக்கள் தொகையில் முதல் கூட்டம் 11.4 சதவிகிதம், இரண்டாவது கூட்டம் 15.3 சதவிகிதம். நீரிழிவில் முதலிடம் கோவாவுக்கு: 26.4 சதவிகிதம். வாசற்படிக் கூட்டம் மிக அதிகமாக இருப்பது இமயமலை மாநிலமான சிக்கிமில்: 31.3 சதவிகிதம். இதைப் பணக்கார நகரங்களின் வியாதி என்று இனியும் ஒதுக்கிவிட முடியாது.

இந்தியர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 சதவிகிதம், இந்தியருக்கு 21.2 சதவிகிதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. தொந்தி இல்லை, எனக்கு ஏது சர்க்கரை என்று கேட்பவர்களுக்கு அந்தப் படமே பதில்.

நடையின் வெற்றி

நடையும் உணவுக் கட்டுப்பாடும் நீரிழிவைத் தடுக்கும் என்பது ஒரு காலத்தில் பாட்டி வைத்தியம் போன்ற நம்பிக்கையாகத்தான் இருந்தது. 1986இல் சீனாவின் டாசிங் நகரில் அதைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். எல்லைக்கோட்டில் இருந்த 577 பேர். ஆறு ஆண்டுகளில், எந்தப் பயிற்சியும் தரப்படாதவர்களில் 67.7 சதவிகிதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உடற்பயிற்சி செய்தவர்களில் 41.1 சதவிகிதம், உணவை மாற்றியவர்களில் 43.8 சதவிகிதம். இரண்டையும் செய்தவர்களில் எவ்வளவு தெரியுமா? 46 சதவிகிதம். இரண்டைச் சேர்த்தால் கூடுதல் பலன் என்ற கணக்கு அப்போதே இடறியது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டாசிங்கின் உண்மையான பெருமை பின்னால் தெரிந்தது. அதே மனிதர்களை முப்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பயிற்சி பெற்றவர்களுக்கு நீரிழிவு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்திருந்தன. சராசரியாக ஒன்றரை ஆண்டு ஆயுளும் கூடியிருந்தது.

2001இல் பின்லாந்தும் 2002இல் அமெரிக்காவும் இன்னும் பளிச்சென்ற முடிவுகளைத் தந்தன. அமெரிக்க ஆய்வு 27 மையங்களில் 3,234 பேரிடம் நடந்தது. ஒரு பிரிவினர் வாரம் 150 நிமிடம் நடக்க வேண்டும், எடையில் 7 சதவிகிதம் குறைக்க வேண்டும். இன்னொரு பிரிவினர் நாளைக்கு இருமுறை 850 மில்லிகிராம் மெட்ஃபார்மின் சாப்பிட வேண்டும். மூன்றாவது பிரிவினருக்கு வெற்று மாத்திரை. சராசரியாக 2.8 ஆண்டுகளுக்குப் பின் கணக்கெடுத்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்களோடு ஒப்பிட்டால் நீரிழிவு வரும் அபாயம் மெட்ஃபார்மினால் 31 சதவிகிதமும் நடை, உணவுக் கட்டுப்பாட்டால் 58 சதவிகிதமும் குறைந்திருந்தது. கால்கள் மாத்திரையை வென்றன.

ஆனால் ஒரு கேள்விக்கு அமெரிக்கர்கள் விடை தேடவில்லை. ஒருவரே நடக்கவும் செய்து, மாத்திரையும் சாப்பிட்டால்? அந்த ஆய்வில் அப்படி ஒரு பிரிவே கிடையாது.

சென்னையின் விடை

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் சென்னையின் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவரது குழுவினரும். 'இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்' என்று பெயரிட்ட அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 531 பேர்: 421 ஆண்கள், 110 பெண்கள். சராசரி வயது 46. பி.எம்.ஐ. சராசரி 25.8. அமெரிக்க ஆய்வில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் ஒல்லியானவர்கள்.

நான்கு பிரிவுகள். முதல் பிரிவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இரண்டாவதுக்கு நடையும் உணவுக் கட்டுப்பாடும். நடக்காதவர்கள் தினமும் அரை மணி நேரமாவது விறுவிறுவென்று நடக்க வேண்டும். ஏற்கெனவே அவ்வளவு நேரம் நடப்பவர்கள், சைக்கிள் மிதிப்பவர்கள், உடலுழைப்பு வேலை பார்ப்பவர்கள் அதையே தொடர்ந்தால் போதும். மூன்றாவது பிரிவுக்கு மெட்ஃபார்மின். நான்காவது பிரிவுக்கு எல்லாமும். மாத்திரையின் அளவைப் பற்றி ஒரு தகவல்: 500 மில்லிகிராம் இருவேளை என்று தொடங்கினார்கள். சிலருக்குச் சர்க்கரை தாழ்ந்ததற்கான அறிகுறிகள் தோன்றவே, அதை 250 மில்லிகிராமாகப் பாதியாக்கினார்கள். அந்தச் சின்ன அளவே வேலை செய்தது.

முடிவு 2006இல் வெளியாயிற்று. மூன்று ஆண்டுகளில் நீரிழிவு வந்தவர்கள்: வெறும் ஆலோசனைப் பிரிவில் 55 சதவிகிதம். நடைப் பிரிவில் 39.3. மாத்திரைப் பிரிவில் 40.5. நடையும் மாத்திரையும் சேர்ந்த பிரிவில் 39.5.

கடைசி மூன்று எண்களையும் மறுபடி பாருங்கள். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நடை மட்டும் 28.5 சதவிகித அபாயத்தைக் குறைத்தது. மாத்திரை மட்டும் 26.4, இரண்டும் சேர்ந்து 28.2. இதே குழுவினர் அடுத்த ஆய்வில் பியோகிளிட்டசோன் என்ற வேறொரு மாத்திரையை நடையோடு சேர்த்துப் பார்த்தார்கள். 407 பேரிடம் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2009இல் வந்தது. மாத்திரை சேர்த்தவர்களில் 29.8 சதவிகிதம், நடை மட்டும் செய்தவர்களில் 31.6 சதவிகிதம். அங்கேயும் கூடுதல் லாபம் இல்லை.

முதல் ஆய்வில் இருந்து இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நடந்தவர்களுக்கு எடை குறையவே இல்லை. ஆனாலும் அபாயம் குறைந்தது. இயந்திரத்தில் ஏறி முள் நகரவில்லையே என்று மனம் சலித்து நடையைக் கைவிடுபவர்கள் இதை நினைவில் வைக்கலாம். மற்றது கவலை தரும் செய்தி. அமெரிக்காவில் எதுவும் செய்யாதவர்களில் மூன்றாண்டுகளில் நீரிழிவுக்குப் போனவர்கள் சுமார் 29 சதவிகிதம். சென்னையில் 55 சதவிகிதம். நம்மவர்களுக்கு எல்லைக்கோட்டில் நிற்கும் அவகாசம் குறைவு. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பவருக்கு அடுத்த வருடம் எல்லைக்கு அந்தப் பக்கம் விடியலாம்.

கூட்டல் ஏன் பொய்த்தது?

நடையும் மெட்ஃபார்மினும் உடம்பில் வேலை செய்யும் இடங்கள் வேறு வேறு. நடக்கும்போது தசைகள் சுருங்கி விரிகின்றன. அப்படி இயங்கும் தசை, இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பிறகும் பல மணி நேரம் அந்தத் தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கிறது. மெட்ஃபார்மினின் முக்கிய வேலை கல்லீரலில். இரவு முழுவதும் நாம் உண்ணாமல் இருக்கும்போது கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. அந்த உற்பத்தியை மாத்திரை மட்டுப்படுத்துகிறது.

இடம் வேறு என்றால் பலன் கூடத்தானே வேண்டும்? நியாயமான கேள்வி. உடம்பு அப்படிக் கணக்குப் போடுவதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 32 பேரிடம் 12 வாரம் நடத்தி 2012இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று இதைத் தொட்டது. பயிற்சி, மாத்திரை, இரண்டும் என மூன்று வழிகளிலும் இன்சுலினின் செயல்திறன் கூடியது. ஆனால் பயிற்சியோடு மாத்திரையைச் சேர்த்ததால் அது மேலும் உயரவில்லை. பயிற்சி மட்டும் செய்தவர்களே சற்று முன்னே நின்றார்கள். அந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியானதல்ல, ஆய்வும் சிறியது. இதைக் காட்டி யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. மாத்திரை நடைக்கு உரம் போடும் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை என்பதே இதன் சாரம்.

அப்படியானால் மாத்திரை யாருக்கு?

சென்னை ஆய்வைப் படித்துவிட்டு மாத்திரையே வேண்டாம் என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. அதே சென்னையில் டாக்டர் வி. மோகனின் ஆராய்ச்சி நிலையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து இன்னொரு ஆய்வு நடத்தின. முடிவு வெளியானது 2016இல். இதில் 578 பேர். இங்கே மாத்திரையை எல்லோருக்கும் முதல் நாளிலேயே கொடுக்கவில்லை. முதலில் குழுவாக உட்கார வைத்து நடை, உணவு, எடை பற்றி வாரந்தோறும் வகுப்புகள் எடுத்தார்கள். நான்கு மாதம் கழித்தும் அபாயம் அதிகமாக இருந்தவர்களுக்கு மட்டும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் இருவேளை சேர்த்தார்கள். படிப்படியாக ஏறும் முறை.

மூன்று ஆண்டு முடிவில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 34.9 சதவிகிதம் பேருக்கு நீரிழிவு. படிமுறையில் சென்றவர்களில் 25.7 சதவிகிதம். அபாயம் 32 சதவிகிதம் குறைந்தது. இதில் யோசிக்க வைக்கும் தகவல், படிமுறையில் இருந்தவர்களில் 72 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் மாத்திரை தேவைப்பட்டது என்பது. நடையைச் சொல்வது எளிது. வகுப்பும் ஆலோசகரும் இருந்தும்கூடப் பெரும்பாலோருக்கு அது மட்டும் போதவில்லை.

இன்னொரு நுட்பமும் இங்கே வெளிப்பட்டது. எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே ரகம் அல்ல. சிலருக்கு வெறும் வயிற்று அளவு மட்டும் உயர்ந்திருக்கும். கோளாறு பெரிதும் கல்லீரலில். சிலருக்கு உண்ட பின் எடுக்கும் அளவு உயர்ந்திருக்கும். அங்கே தசைதான் முக்கியக் குற்றவாளி. சிலருக்கு இரண்டும். இரண்டு அளவும் உயர்ந்தவர்களுக்கு இந்த ஆய்வில் 36 சதவிகிதப் பலன் கிடைத்தது. உண்ட பின் அளவு மட்டும் உயர்ந்தவர்களுக்கு 31. வெறும் வயிற்று அளவு மட்டும் உயர்ந்தவர்களுக்கு வெறும் 12. எனவே வெறும் வயிற்றுப் பரிசோதனை ஒன்றை மட்டும் செய்துகொண்டு திருப்திப்படுவது பாதிக் கதையைப் படிப்பது போல. குளுகோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனை கொஞ்சம் குமட்டும், இரண்டு மணி நேரமும் போகும். ஆனால் எந்த வழி தனக்கு உதவும் என்பதை அதுதான் காட்டும்.

அமெரிக்க ஆய்வின்படி மெட்ஃபார்மினால் அதிகப் பலன் பெற்றவர்கள் இளவயதினர், மிகவும் பருமனானவர்கள், கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்துபோன பெண்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு மாத்திரையால் கிடைத்த நன்மை சொற்பம். நடைதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. வயதான பிறகு நடக்க முடியாது, மாத்திரை போதும் என்று வீட்டில் சொல்வதற்கு நேர் எதிரான முடிவு இது.

ஒரு செடியின் கதை

மெட்ஃபார்மினின் பூர்வீகம் ஐரோப்பாவின் ஒரு காட்டுச் செடி. கலேகா என்று பெயர். அதிலிருந்து கிடைத்த வேதிப்பொருளின் வழியாக 1922இல் டப்ளினில் இந்த மருந்தை உருவாக்கினார்கள். பிறகு கிடப்பில் போடப்பட்ட அதை 1957இல் பிரான்சின் டாக்டர் ழான் ஸ்டெர்ன் நீரிழிவுக்காரர்களிடம் பயன்படுத்தி வெற்றி கண்டார். அமெரிக்கா அனுமதித்தது 1994 இறுதியில்தான். இன்று உலகம் முழுவதும் நீரிழிவுக்கு டாக்டர்கள் எழுதும் முக்கிய மாத்திரைகளில் ஒன்று. விலையும் குறைவு.

ஆனாலும் மிட்டாய் அல்ல. தொடக்கத்தில் குமட்டல், வயிற்றுப்போக்கு வரலாம். உணவோடு சாப்பிடுவதும் சிறிய அளவில் தொடங்குவதும் இதைக் குறைக்கும். பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் விளைவு என்று நினைத்துக்கொண்டிருக்க, காரணம் பி12 பற்றாக்குறையாக இருக்கும். இறைச்சி, முட்டை உண்ணாதவர்களுக்கு இந்தக் கவனம் கூடுதலாகத் தேவை. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு இந்த மாத்திரை கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கம் ஆபத்தானது.

நடக்க விடாத நாடு

மாத்திரை ஒரு மடக்குத் தண்ணீரில் உள்ளே போய்விடும். நடைக்கோ நேரம் வேண்டும், இடம் வேண்டும், மனம் வேண்டும். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு பகுதிகளில் 14,227 பேரிடம் எடுத்து 2014இல் வெளியிட்ட கணக்கின்படி 54.4 சதவிகிதம் பேருக்குப் போதிய உடல் இயக்கம் இல்லை. பொழுதுபோக்காகவோ பயிற்சியாகவோ உடலை அசைப்பவர்கள் 10 சதவிகிதத்துக்கும் குறைவு. நடைபாதையில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. விடியுமுன் தனியே நடக்கப் பெண்கள் தயங்குகிறார்கள். காலை ஐந்து மணிக்கு அடுப்படியில் நுழைபவளிடம் போய் பூங்காவில் நட என்று சொல்வதில் பொருளில்லை. அந்த அரை மணி நேரத்துக்கு அடுப்படியில் வேறு யாராவது நிற்க வேண்டும். குளிர்காலத்தில் டெல்லியில் காற்றே நடைக்கு எதிரி.

திருவனந்தபுரம் மாவட்டக் கிராமப்புறங்களில் 1,007 பேரிடம் நடந்த தடுப்பு முயற்சி இந்தச் சிரமத்துக்குச் சாட்சி. உள்ளூர்க்காரர்களையே தலைவர்களாக்கிக் குழுக்கள் அமைத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் குழுவில் இருந்தவர்களில் 14.9 சதவிகிதம் பேருக்கும் இல்லாதவர்களில் 17.1 சதவிகிதம் பேருக்கும் நீரிழிவு வந்தது. வெற்றி என்று கூறத்தக்க வித்தியாசம் அல்ல. மாறாக, எல்லைக்கோட்டில் இருந்த 537 உழைக்கும் ஆண்களுக்கு செல்போனில் அவ்வப்போது குறுஞ்செய்தி அனுப்பி நடையையும் உணவையும் நினைவூட்டிய ராமச்சந்திரன் குழுவின் ஆய்வு 2013இல் நல்ல செய்தி சொன்னது. செய்தி பெற்றவர்களில் 18 சதவிகிதம், பெறாதவர்களில் 27 சதவிகிதம். நச்சரிப்புக்கும் ஒரு மருத்துவ குணம் உண்டு போலிருக்கிறது.

அரை மணி நேரத்தை ஒரே மூச்சில் ஒதுக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2013இல் வெளியிட்ட ஆய்வில் வயதான பத்துப் பேரை மூன்று வேளை உணவுக்குப் பிறகும் 15 நிமிடம் நடக்க வைத்தார்கள். குறிப்பாக இரவு உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைப்பதில் அந்த நடை, ஒரேயடியாக 45 நிமிடம் நடப்பதைவிட மேலாக இருந்தது. பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் சாப்பிட்டதும் சாய்வு நாற்காலியைத் தேடும் வழக்கத்தை மாற்ற அது போதுமான காரணம். மொட்டை மாடி போதும், தெருமுனைவரை போதும், அடுக்குமாடி வராந்தா போதும். வேகத்துக்கு எளிய அளவுகோல்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

ராமகிருஷ்ணபுரத்து செக்ஷன் ஆபீசர் இப்போது காலையில் 25 நிமிடமும் இரவு சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடமும் நடக்கிறார். காற்று மோசமான நாட்களில் குடியிருப்பின் படிக்கட்டும் வீட்டுக் கூடமும்தான் மைதானம். இரவு நடைக்கு மனைவியும் வருகிறார். பரிசோதித்ததில் அவருக்கும் வெறும் வயிற்றில் 104. அவர் நடை மட்டும்தான், மாத்திரை இல்லை.

கணவருக்கு மாத்திரை நிற்கவில்லை. இரண்டு அளவும் உயர்ந்திருந்தவர், அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது, எனவே தொடரட்டும் என்றுவிட்டார் டாக்டர். நடக்கத் தொடங்கி பத்து மாதங்களுக்குப் பின் இரண்டு மணி நேர அளவு 186லிருந்து 151க்கு இறங்கியிருக்கிறது. ஹெச்பிஏ1சி 5.8. இன்னமும் எல்லைக்கோட்டில்தான் இருக்கிறார். ஆனால் இந்தப் பக்கமாகத் திரும்பி நிற்கிறார்.

மாத்திரை எதற்கு, நடை எதற்கு என்று கேட்டால் அவர் அலுவலக பாஷையில் விளக்குகிறார். "ஃபைலை நகர்த்தறது நடை. மாத்திரை வெறும் ரிமைண்டர். ரிமைண்டர் மட்டும் போட்டுண்டிருந்தா எந்த ஆபீஸ்ல ஃபைல் நகர்ந்திருக்கு?"

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

* எனக்கு உயர்ந்திருப்பது வெறும் வயிற்று அளவா, உண்ட பின் அளவா, இரண்டுமா? குளுகோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனை தேவையா?

* நடையையும் உணவையும் மட்டும் வைத்துக்கொண்டு சில மாதம் முயற்சி செய்யலாமா? எத்தனை மாதம் கழித்து மறுபரிசோதனை?

* மாத்திரை அவசியம் என்றால் எந்தக் காரணத்தால்: வயதா, எடையா, பரம்பரையா, கர்ப்பகாலச் சர்க்கரையா?

* சிறுநீரகப் பரிசோதனை செய்தாகிவிட்டதா? பி12 அளவை எப்போது பார்க்க வேண்டும்?

* இதய நோய், மூட்டு வலி இருந்தால் எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம் நடக்கலாம்?

* இடுப்புச் சுற்றளவு எவ்வளவு? இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கைக் கோடு. தராசு காட்டாததை டேப் காட்டும்.